பெயரில்லாமல் வந்த பிரெஞ்சுக்காரர்

போன மாதம் என் தலையில் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து விழுந்தார். ஆளாக வந்திருந்தால்கூட ஒரு டீ ஊற்றிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன். இவர் பெயரில்லாமல் வந்தார்.

பதற வேண்டாம். உயிரோடு இருக்கிறவர் அல்ல. நான் எழுதிய நாடகத்தில் வருகிறவர்.

பெரகலைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தோட்டத்து நாடகக் குழுவுக்கு வருடம் ஒரு நாடகம் எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். பதுளையில் நடக்கும் போட்டிக்கு அதைக் கொண்டுபோவோம். இந்த வருடக் கதை காப்பிக் காலத்தில் நடக்கிறது. தேயிலை வருவதற்கு முந்தி, சுமார் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால். ஒரு காப்பித் தோட்டத்தில் கொள்ளை நோய் வருகிறது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரை குதிரையில் ஏறிப் போய்விடுகிறார். மருந்துப் பெட்டியோடு எங்கிருந்தோ வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் மட்டும் கூலி சனம் குடியிருக்கும் லயத்திலேயே தங்கி, நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றி, கடைசியில் தானும் செத்துப்போகிறார்.

ஏன் பிரெஞ்சுக்காரர்? வெள்ளைக்காரர்களில் ஒரு நல்லவர் தேவைப்பட்டார். இங்கிலீஷ்காரர் என்றால் எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள். அவ்வளவுதான்.

கதை நாலு நாளில் முடிந்தது. பெயர்தான் வரவில்லை.

ஒரு பெயருக்கு இவ்வளவு அல்லாட்டமா என்று கேட்பீர்கள். போன வருடம் நடந்ததை நீங்கள் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். அந்த நாடகத்திலும் காப்பிக் காலத்துத் தொரை ஒருவர் வந்தார். நான் அவருக்கு ‘கெவின் தொரை’ என்று பெயர் வைத்திருந்தேன். காதுக்கு நன்றாக இருந்தது, வைத்தேன். நடுவர் மைக்கைப் பிடித்து, “மகாராணி காலத்தில் கெவின் என்று ஓர் ஆங்கிலேயரை இந்த அம்மா எங்கே கண்டார்?” என்று கேட்டார். சபையே சிரித்தது. ஐந்து மார்க் போனது. மூன்று மார்க்கில் தோற்றோம்!

இந்த வருட விதிமுறைத் தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது. ‘வரலாற்று நாடகங்களில் பாத்திரங்களின் பெயர்கள் காலத்துக்கும் நாட்டுக்கும் பொருந்த வேண்டும்.’ பெயர் போடவில்லையே தவிர, அது எனக்கு வந்த கடிதம்தான்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அதற்குப் பிறகு போனது பிள்ளை மடுவத்துக்கு. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அங்கே நான் ஆட்டிய தொட்டில்களில் கிடந்த அத்தனை பிள்ளைகளின் பெயரும் இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வேன். ஆனால் பிரான்ஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால், ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன்.

கவலை என்றால் எனக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வைக்கிற பெயர் அந்தப் பாஷையில் கெட்ட வார்த்தையாக இருந்துவிட்டால்? அந்தப் பெயரில் நிஜமாகவே ஒருவர் இருந்து, அவருடைய பேரப்பிள்ளைகள் வழக்குப் போட்டால்? நடுவருக்கு பிரெஞ்சு தெரிந்திருந்தால்? ...தெரியாமல் இருந்து, தெரிந்தது மாதிரிப் பேசினால்?

இதற்கு நடுவில் தினம் ஒரு குரல். “அக்கா, பேரு வச்சிட்டீங்களா?”

கருப்பையா. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். பதினைந்து வருடமாகக் குழுவில் நடிக்கிறார். குரலா... கூரைத் தகரம் அதிரும். வசனம் ஒரு தடவை கேட்டால் போதும், புள்ளி கமாவோடு ஒப்பிப்பார். அப்படியிருந்தும் இதுவரை அவர் போட்ட வேஷங்களைக் கேளுங்கள். காவலாளி. எமதூதன். இரண்டாவது திருடன். ஒரு வருடம் ‘கூட்டத்தில் ஒருவன்’.

பெயருள்ள ஒரு வேஷம்கூட அவருக்குக் கிடைத்ததில்லை.

“நோட்டீஸ்ல எல்லாருக்கும் பேரு போட்டு, பக்கத்துல நடிக்கிறவங்க பேரப் போடுவாங்கள்லக்கா? எனக்கு மட்டும் காவலாளி, கோடு, கருப்பையா. எம் பொண்டாட்டி அத ஒளிச்சு வச்சிருவா, யாருக்கும் காட்ட மாட்டா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இந்த வருடம் பிரெஞ்சுக்காரர் வேஷம் அவருக்கு. கதாநாயகன். முதல் தடவையாக ஒரு பெயர்.

அந்தப் பெயரைத்தான் நான் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். கையில் இல்லாமல் முழித்தேன் என்பதுதான் சரி.

போனில் தேடினேன். பழைய பிரெஞ்சுப் பெயர் என்று முதலில் வந்ததைப் பிடித்துக்கொண்டேன் — பியர். சின்னதாக இருந்தது. வாயில் நின்றது. அன்று மாலை கோயில் மண்டபத்தில் ஒத்திகை. தொரை வேஷக்காரர் கம்பீரமாகக் கூப்பிட்டார்: “பியர்! உள்ளே வா!”

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “எனக்கும் ஒரு கிளாஸ்!”

ஒத்திகை அதோடு சரி. குழுத் தலைவர் சிவலிங்கம் நோட்டுப் புத்தகத்தை மூடினார். பெரகலைச் சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர். எதையும் அளந்து, வெட்டித்தான் கொடுப்பார்.

“செல்வியக்கா, கொஞ்சம் யோசிங்க. சாகப் போற கெழவி ‘பியர்... பியர்...’னு கூப்பிட்டுக்கிட்டே உசிர விடுறா. சனம் அழுமா, சிரிக்குமா?”

நியாயம்தான். பியர் போனார்.

அடுத்த நாள் அவர் இன்னொன்றையும் வெட்டினார். விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். பாத்திரத்தின் பெயர், நடிப்பவர் பெயர், இரண்டையும் எழுத வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கருப்பையாவை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. வெள்ளக்காரன்னா வெள்ளையா இருக்கணும்ல? போன வருசம் பேருக்கு மார்க் வெட்டுனாங்க. இந்த வருசம் ஆளுக்கே வெட்டுவாங்க.”

“பவுடர் போட்டுக்கிறேன் தலைவரே,” என்றார் கருப்பையா.

போட்டார். ஒரு டப்பா காலியானது. மண்டபத்து லைட்டுக்குக் கீழே வந்து நின்றார். கருப்பின் மேல் வெள்ளை படிந்து, சாம்பலும் நீலமுமாக ஒரு நிறம். கண்ணும் வாயும் மட்டும் தனியாகத் தெரிந்தன.

“இது பிரெஞ்சுக்காரன் இல்ல. நோயில செத்த ஆளு எந்திரிச்சு வந்தது,” என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

கருப்பையா குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வரும்போது தலைவர் தன் மச்சான் ரமேஷுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். ரமேஷ் வெலிமடையிலிருந்து லீக்ஸ், கேரட் ஏற்றும் லொறி வைத்திருப்பவர். நல்ல சிவப்பு. ஆனால் போன வருடம் ‘ஆம், பிரபு’ என்ற ஒரு வசனத்தை மூன்று தடவை மறந்தவர்.

மறுநாள் கருப்பையா பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. “நான் காவலாளியே செய்றேன்கா. வசனம் கம்மி, லேசு,” என்றார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன். லேசு என்றாரே... அது தொண்டையில் நின்றது.

புதன்கிழமை பஸ் ஏறி, எல்லை என்கிற டூரிஸ்ட் ஊருக்குப் போனேன். அங்கே என் தங்கை வசந்தி வீட்டில் ஒரு அறையை டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறாள். “ஒரு பிரெஞ்சு அம்மா வந்திருக்கு, வந்து கேளேன்” என்று போனில் சொல்லியிருந்தாள். போகிற வழியெல்லாம் கவலை. படிக்காத ஒருத்தி போய், உங்கள் ஊர்ப் பெயர் ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்?

அந்த அம்மாவின் பெயர் ஓதில். அறுபது வயதிருக்கும். வசந்தி தன் டூரிஸ்ட் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னாள். ஓதில் அம்மா தன் அரை இங்கிலீஷில் பதில் சொன்னார். அதை வசந்தி எனக்குத் தமிழில் தந்தாள். இப்படி இரண்டு வடிகட்டி தாண்டி வந்த முதல் செய்தியே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

“அக்கா, இவங்க அவங்க ஊர்ல பிறப்பு இறப்பு பதியிற கந்தோர்ல முப்பது வருசம் வேலை செஞ்சவங்களாம்!”

எனக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

முதலில் பயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டேன்: “நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி உங்க ஊர்ல கெவின்னு யாராவது...?”

ஓதில் அம்மா சிரித்ததில் டீ சாஸரில் கொட்டியது. கெவின் எல்லாம் அங்கேயும் நேற்று வந்த பையன்களாம். பழைய பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் திரும்பத் திரும்ப அதே பத்துப் பெயர்தானாம். ழான், பியர், லூயி, பிரான்சுவா, அந்துவான்... எல்லாம் சாமி பெயர்கள். ஒரே ஊரில் இருபது ழான் இருந்தால் என்ன செய்வது? ஒட்டுப் பெயர் வைப்பார்களாம்.

வசந்தி தட்டில் மாரி பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மா ஒன்றை எடுத்து, அதில் எழுதியிருந்ததை விரலால் தடவி, “மாரி!” என்றார். மாதாவின் பெயராம். அங்கே பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் இரண்டாவது பெயராக அதை வைப்பது பழைய வழக்கமாம். ழான் மாரி. அவருடைய தாத்தாவின் தம்பி ஒரு ழான் மாரியாம்.

ஆண்பிள்ளைக்கு மாரியா? எங்கள் லயத்தில் மட்டும் நாலு பேர் இருக்கிறார்களே!

“குடும்பப் பேரு எப்படி வந்திச்சுன்னு கேளு,” என்றேன் வசந்தியிடம். அவர் ஒரு தாளை எடுத்து ஒவ்வொன்றாக எழுதி, கையால் நடித்தும் காட்டினார். துயுபோன் — பாலத்தடியில் குடியிருந்தவன். ஃபொந்தேன் — ஊற்று, பீலி. அட, எங்கள் தோட்டத்தில் ‘பீலிக்கரை ராமன்’ என்று ஒருவர் இருக்கிறாரே என்று நினைத்தேன். பெத்தி — சின்னவன். எங்கள் சின்னையா. லெகிரான் — பெரியவன். பெரியசாமி. லெபிளான் — வெள்ளையன். வெள்ளைச்சாமி.

நான் வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வசந்தி... கருப்பு? கருப்புக்கு ஒரு பேரு இருக்கான்னு கேளு.”

ஓதில் அம்மா யோசிக்கவே இல்லை. எழுதிக் காட்டினார். லெனுவார். பழைய புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிற பெயராம். முதன்முதலில் அந்தப் பெயர் வாங்கியவன் நிறத்திலோ முடியிலோ கருப்பாக இருந்திருப்பான். அதற்குப் பிறகு எல்லாம் கலந்துபோயிற்று என்றார். “அவங்க கந்தோர்லயே ஒரு வெள்ளைச்சாமி இருக்காராம்க்கா, அவரு உன்னை விடக் கருப்பாம்!”

அந்தத் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் நாலு தடவை தொட்டுப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை நேராகச் சந்திக்குப் போனேன். தலைவர் கடையில் யாருக்கோ பைப் வெட்டிக்கொண்டிருந்தார்.

“பேரு கெடச்சிருச்சு தலைவரே. ழான் மாரி லெனுவார். பதிவு கந்தோர்ல முப்பது வருசம் இருந்த அம்மா எழுதிக் கொடுத்தது.”

“பரவால்லியே! நல்லாத்தான் இருக்கு. லெனுவார்னா என்ன?”

“கருப்பையா.”

“ஆளு பேரக் கேக்கலக்கா. அர்த்தத்தக் கேக்குறேன்.”

“அர்த்தத்தத்தான் சொல்றேன்.”

அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். தாளை வாங்கிப் பார்த்தார். பிரெஞ்சு எழுத்து அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் நன்றாகப் பார்த்தோம்.

“அதுக்காக...” என்று இழுத்தார்.

“இனிமே ரமேஷ் தம்பியப் போட்டாத்தான் மார்க் வெட்டுவாங்க. கருப்பன்னு பேரு வச்சிட்டு செவப்பா ஒரு ஆள எறக்கிட்டீங்களேன்னு கேப்பாங்க. பேரு ஆளுக்குப் பொருந்தணும்ல?”

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். பெரியசாமி எல்லோரும் பெரிய ஆளா? சின்னையா எல்லோரும் குள்ளமா? அந்த அம்மாவே கலந்துபோயிற்று என்று சொன்னாரே! அதை நான் தலைவரிடம் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். எதைச் சொல்லக் கூடாது என்று அதற்குள் படித்துவிட்டேன்.

தலைவர் மச்சானுக்கு போன் போட்டார். “மாப்ள, உனக்கு வேஷம் இல்லடா.” அந்தப் பக்கம் அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. “அப்பாடா! மச்சான், எனக்கு சனிக்கெழமயானா லோடு இருக்கு!”

மதிய இடைவேளைக்குத் தொழிற்சாலைக் கேட்டில் போய் நின்றேன். கருப்பையா தலையில் மரத்தூளோடு வந்தார்.

“காவலாளிக்கு வேற ஆளு பாக்கணும்,” என்றேன்.

“ஏன்கா? அதுவும் இல்லையா?”

“ஒங்களுக்குப் பேரு வந்திருச்சு. ழான் மாரி லெனுவார்.”

அவர் மெதுவாக வாய்க்குள் போட்டுப் பார்த்தார். வாழைப்பழத்தையே வாளப்பளம் என்று சொல்லும் ஊர் எங்களுடையது. “ளான்... ளான் மாரி... இது நம்ம மாரியாத்தாவாக்கா?”

“இல்ல. அவங்க மாதாவாம்.”

“ஆத்தா ஆத்தாதான்,” என்றார். “கடைசிப் பேருக்கு என்னா அர்த்தம்?”

சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். கேலி செய்கிறேனா என்று பார்த்திருப்பார். தாளை எடுத்துக் காட்டினேன். அந்தத் தாளைத் தொடுவதற்கு முன்னால் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

“அங்கயும் இருக்கோமா?” என்றார்.

போன சனிக்கிழமை பதுளையில் போட்டி. நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றேன். மொனராகலைக் குழுவின் நாடகத்தில் நிஜ ஆடு வந்து கைதட்டு வாங்கியிருந்தது. எங்களிடம் ஆடு இல்லை.

மூன்றாம் காட்சி. தொரை நாற்காலியில் சாய்ந்து கேட்கிறார்: “யார் நீ? உன் பெயர் என்ன?”

கருப்பையா நடு மேடைக்கு வந்தார். பவுடர் இல்லை. ஒரு பழைய கோட், கையில் மருந்துப் பெட்டி. எண்ணெய் வைத்து வாரிய தலை. நான் எழுதிய வசனத்தை அப்படியே சொன்னார்: “என் பெயர் ழான் மாரி லெனுவார்.” ‘ழ’ அச்சடித்த மாதிரி விழுந்தது. எத்தனை நாள் அடுப்படியில் சொல்லிப் பார்த்தாரோ!

அங்கே அவர் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார்.

“எங்க பாஷையில அதுக்கு அர்த்தம்... கருப்பையா.”

நான் எழுதாத வசனம்! ஐந்து மார்க் போச்சு!

சபையில் சிரிப்பு வெடித்தது. போன வருடத்துச் சிரிப்பு மாதிரி இல்லை அது. அந்த மண்டபத்தில் எத்தனை கருப்பையா, எத்தனை கருப்பாயி உட்கார்ந்திருந்தார்களோ! பின் வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, “நம்மாளுடா!” என்று கத்தினார். கைதட்டு நிற்கும் வரை கருப்பையா அசையாமல் நின்றார். அதற்குப் பிறகு அவர் கஞ்சி ஊற்றினால் சனம் மூக்கைச் சிந்தியது. அவர் செத்தபோது, எனக்குப் பக்கத்தில் திரை இழுக்கிறவர் கயிற்றை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். ஆகவே செத்த பிரெஞ்சுக்காரர் திரை விழாமல் கொஞ்ச நேரம் அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்று.

நடுவர் மைக்கைப் பிடித்தார். அதே நடுவர். “பெயர்த் தேர்வு காலத்துக்கும் நாட்டுக்கும் மிகப் பொருத்தம். ஆய்வு செய்து எழுதிய அம்மாவுக்குப் பாராட்டு,” என்றார். ஆய்வாம்! ஒரு தட்டு மாரி பிஸ்கட்டும் இரண்டு பிளேன் டீயும் என்று எழுந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை.

நாடகத்துக்கு இரண்டாம் இடம். முதலிடம் ஆட்டுக்கு. சிறந்த நடிகர் — கருப்பையா.

ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில், இவர் இன்னாராக இருக்க முடியாது என்று எவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டிவிடுகிறோம்! நானும்தான் கட்டினேன், பவுடரைப் பார்த்துச் சிரித்தபோது. எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு பழைய புத்தகத்தில் ஒருவன் கருப்பையா என்று பெயர் வாங்கி, பிள்ளை குட்டியோடு மரியாதையாக வாழ்ந்திருக்கிறான். அது தெரிவதற்கு நான் பஸ் ஏற வேண்டியிருந்தது.

சிறந்த நடிகர் சான்றிதழைக் கருப்பையா வீட்டுக்கு வந்துதான் நிதானமாகப் படித்தோம். கருப்பையாவின் மனைவி அதை வாசலில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன். எழுதினவர்கள் விண்ணப்பத்தில் இருந்த இரண்டு பெயரையும் சேர்த்து ஒரே ஆளின் முழுப் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள். நம் ஊர் வழக்கப்படி முன்னால் உள்ளதையெல்லாம் சுருக்கிவிட்டார்கள். அழகான கையெழுத்தில் இருந்தது: ‘திரு. ழா. மா. லெ. கருப்பையா.’

நான் கையை நீட்டினேன். “குடுங்க, நாளைக்கே போய்த் திருத்திட்டு வாறேன்.”

கருப்பையா சான்றிதழை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். “வேணாங்கா, இருக்கட்டும். எந்தத் தொரைக்கு இருக்கு இவ்வளவு நீளமா?”

நேற்று தலைவர் கடைப் பக்கம் போனபோது என்னை நிறுத்தி, அடுத்த வருட நாடகத்தில் தனக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் வேஷம் எழுதச் சொன்னார் — கருப்பையாவை விட ஒன்று கூடுதலாக, நாலு இனிஷியலோடு.